பார்க்காத முகாமைப் பற்றி எழுதியவர்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வாரம் ஒருநாள் கல்லூரி ஒன்றில் இதழியல் வகுப்பு எடுக்கிறேன். வருஷா வருஷம் ஒரு பிள்ளையாவது வகுப்பு முடிந்ததும் பின்னாலேயே வந்து, "மேடம், எனக்குப் போர்முனைக்குப் போய் நியூஸ் கவர் பண்ணணும்" என்று நிற்கும். மனசுக்குள் போர் நிருபர் மேரி கொல்வின் இருப்பார். 2001 ஏப்ரலில் இலங்கையின் வன்னிக்குள் போய்விட்டுத் திரும்பும் வழியில் எறிகுண்டு வெடித்து இடது கண் பார்வையை இழந்தவர், அதன் பிறகு கறுப்புப் பட்டையோடு போர் போராகச் சுற்றியவர், 2012 பிப்ரவரியில் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் ஷெல் வீச்சில் செத்துப்போனவர். அந்த அமெரிக்கப் பெண்மணியை ஈழத் தமிழரும் மறக்கவில்லை, பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களும் மறக்கவில்லை.

நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். "முதல்ல ஒரு தாலுகா ஆபீஸுக்குப் போ. யார் சிபாரிசும் இல்லாம ஒரு பழைய நில 'அ' பதிவேடு நகல் வாங்கிட்டு வா. அப்புறம் பேசலாம்."

சிரிப்பார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. போர் நிருபர் இன்றைக்கு எங்கே குண்டு விழுந்தது என்று சொல்பவர். போர்க்குற்றத்தைத் துப்பறிகிறவருக்கு வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நடந்து முடிந்ததை, மூடி மறைத்ததைத் தோண்டி, செய்தவன் யார், செய்யச் சொன்னவன் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலையில் முக்கால்வாசி, துப்பாக்கிச் சத்தமே கேட்காத இடங்களில் நடக்கும்: அகதிகள் தங்கியிருக்கும் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வராந்தா, செஞ்சிலுவைச் சங்க அலுவலக வாசல், காகிதக் கட்டு, தொலைபேசி.

போரில் ஆள் செத்தாலே போர்க்குற்றம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆயுதத்தோடு எதிரே நிற்கும் சிப்பாயைச் சுட்டால் அது சண்டை. அதே சிப்பாய் ஆயுதத்தைக் கீழே போட்டுக் கையைத் தூக்கிய பிறகு சுட்டால் குற்றம். 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் கோடு கிழிப்பது அங்கேதான். கைதி, காயம்பட்டவர், சண்டையில் பங்கில்லாத பொதுமக்கள் மீது கைவைக்கக் கூடாது. ஆகவே "நூறு பேர் பலி" என்று எழுதிவிட்டால் நிருபரின் வேலை கால்வாசிகூட முடியாது. செத்தவர்கள் யார், கை கட்டியிருந்ததா, பக்கத்தில் ராணுவ இலக்கு ஏதும் இருந்ததா, வந்தது எந்தப் படைப்பிரிவு, அதன் தளபதி யார் என்று வரிசையாகக் கேள்வி நிற்கும்.

இந்தத் தொழிலை ஒரு மனிதரை வைத்துத்தான் நான் பிள்ளைகளுக்கு விளக்குவேன். அவர் பெயர் ராய் கட்மன்.

1992-ல் நான் ஒரு தமிழ் நாளிதழின் அயல்நாட்டுச் செய்தி மேசையில் உதவி ஆசிரியர். யூகோஸ்லாவியா துண்டுதுண்டாக உடைந்துகொண்டிருந்த காலம். டெலிபிரிண்டரில் போஸ்னியா, போஸ்னியா என்று சுருள் சுருளாக வந்து விழும். முஸ்லிம்கள், செர்பியர்கள், குரோஷியர்கள் கலந்து வாழ்ந்த அந்தக் குடியரசு அந்த ஆண்டு தனிநாடானதும், போஸ்னிய செர்பியப் படைகள் தங்களுக்கு வேண்டிய பகுதிகளிலிருந்து மற்றவர்களைத் துரத்தத் தொடங்கின. பிரியெடோர் என்ற ஊரில் செர்பியர் அல்லாதவர்கள் வீட்டு ஜன்னலில் வெள்ளைத் துணி தொங்கவிட வேண்டும், கையில் வெள்ளைப் பட்டை கட்ட வேண்டும் என்று மே மாதம் உத்தரவு போட்டார்கள். அதற்குப் பிறகு ஆண்கள் காணாமல்போக ஆரம்பித்தார்கள்.

கட்மன் அப்போது நியூஸ்டே என்ற அமெரிக்க நாளிதழின் ஐரோப்பிய நிருபர், இருப்பு ஜெர்மனியின் பான் நகரம். புதிதாகப் போய் இறங்கியவர் அல்ல. 1970-களிலேயே ராய்ட்டர்ஸுக்காக பெல்கிரேடில் வேலை பார்த்தவர். ஜூலை மாதம் ஒரு புகைப்படக்காரரைக் கூட்டிக்கொண்டு பான்யா லூக்கா நகருக்குப் போனார். முஸ்லிம்களைக் கால்நடை ரயில்பெட்டிகளில் அடைத்து அனுப்பிய செய்தி அங்கே கிடைத்தது. பக்கத்தில் மன்யாச்சா என்ற ராணுவ முகாமுக்குள் போகவும் அனுமதி கிடைத்தது. தலை மழித்த கைதிகள் குனிந்த தலையோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றதைப் பார்த்தார். ஒமார்ஸ்கா என்று இன்னொரு இடம் இருக்கிறது, அதைவிட மோசம் என்று காதில் விழுந்தது. அது ஓர் இரும்புத் தாதுச் சுரங்கம். அங்கே போக விடவில்லை.

பார்க்க முடியாத இடத்தைப் பற்றி எப்படி எழுதுவது? கிளம்பி வந்துவிட்டு "வதந்தி உலவுகிறது" என்று ஒரு வரி போட்டிருக்கலாம். நிறையப் பேர் அதைத்தான் செய்வார்கள். கட்மன், அந்த முகாம்களிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்களைத் தேடிப் போனார். ஒமார்ஸ்காவில் இருந்த ஒருவரும், பிர்ச்கோ என்ற ஊரின் முகாமில் இருந்த இன்னொருவரும் சொன்னதைக் கேட்டு எழுதியது 1992 ஆகஸ்ட் 2-ஆம் தேதி நியூஸ்டேயில் வெளியானது. கூட்டங்கூட்டமாகக் கொல்கிறார்கள், பட்டினி போடுகிறார்கள் என்ற செய்தி. அதே கட்டுரைக்குள், அந்த முகாம்களுக்கு எங்கள் பத்திரிகை போக முடியவில்லை, செஞ்சிலுவைச் சங்கமும் போக முடியவில்லை என்பதையும் எழுதியிருந்தார்.

வகுப்பில் நான் அடிக்கோடு போடச் சொல்வது இந்த இடத்தைத்தான். தெரிந்ததைத் தைரியமாகச் சொன்னார். தெரியாதது எது என்று வாசகனிடம் மறைக்காமல் சொன்னார். இரண்டும் ஒரே கட்டுரையில் இருந்ததால்தான் பிறகு யாராலும் அதைக் கவிழ்க்க முடியவில்லை.

தப்பி வந்தவரிடம் எப்படிப் பேசுவது என்பது தனிப் பாடம். "அடிச்சாங்களா? கொன்னாங்களா?" என்று கேட்கிறவன் நிருபரே இல்லை, பதிலை அவனே எடுத்துக் கொடுக்கிறான். கதவு எந்தப் பக்கம் இருந்தது, தரை மண்ணா சிமென்ட்டா, ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பாடு, தட்டு எதனால் ஆனது, காவலாளியை மற்றவர்கள் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? இப்படித்தான் கேட்க வேண்டும். அவர் கண்ணால் பார்த்தது எது, பக்கத்துப் பாயில் படுத்திருந்தவர் சொல்லிக் கேட்டது எது என்று பிரித்துக் குறிக்க வேண்டும். வதைபட்டவர்களுக்குத் தேதி குழம்பும், சம்பவ வரிசை குழம்பும். அதை வைத்துப் பொய் என்று தள்ளக் கூடாது. எல்லோரும் வார்த்தை பிசகாமல் ஒப்பித்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஆகஸ்ட் முடிவதற்குள் கட்மன், பெண்களைக் கூட்டாகச் சீரழித்ததைப் பற்றியும் எழுதினார். ஒரு முறை சொல்லவே நாக்கு வராத விஷயத்தை, பத்து நிருபர்கள் வந்து பத்து முறை கேட்பது இன்னொரு கொடுமை. அது தெரியாதவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது என்பது என் கட்சி.

கட்டுரை வந்ததும் அமெரிக்க வெளியுறவுத் துறை முதல் நாள் ஆமாம் என்றது, மறுநாள் எங்களிடம் உறுதியான தகவல் இல்லை என்று பின்வாங்கியது. போஸ்னிய செர்பியத் தலைவர் ரடோவன் கராட்சிச்சோ ஏற்கனவே லண்டனில், வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று பிரிட்டிஷ் பத்திரிகையாளர்களிடம் சவால் விட்டிருந்தார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கார்டியன் நிருபர் எட் வுல்லியமியும், ஐ.டி.என். தொலைக்காட்சிக் குழுவின் பென்னி மார்ஷலும் இயன் வில்லியம்ஸும் ஆகஸ்ட் 5 அன்று ஒமார்ஸ்காவுக்குள் நுழைந்தார்கள். சாப்பாட்டுக் கூடம் மட்டும்தான் காட்டப்பட்டது. ஓட்டமாக வந்து, தண்ணீர்போல் இருந்த சூப்பை அவசர அவசரமாக விழுங்கிவிட்டு ஓடும் மனிதர்கள். பொய் சொல்ல விருப்பமில்லை, உண்மை சொல்லவும் வழியில்லை என்று ஒருவர் சொன்னார். பின்னாலிருந்த கொட்டகைகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது துப்பாக்கியைக் காட்டி வெளியே அனுப்பினார்கள். அதே நாளில் டர்னோபோல்யே முகாமில் முள்கம்பிக்குப் பின்னால் எலும்பும் தோலுமாக நின்ற இளைஞரின் படம், மறுநாள் உலகம் முழுக்க ஓடியது. அந்த மாதம் முடிவதற்குள் ஒமார்ஸ்கா முகாமை மூடிவிட்டார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை அடைத்துவைத்திருந்த இடம் அது. கட்மனுக்கு 1993-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

கதை இங்கே முடிவதாகச் சொல்வார்கள். எனக்கு இதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம்.

அந்த முள்கம்பிப் படம் பொய், நிருபர்கள்தான் கம்பிக்குள் நின்றுகொண்டு வெளியே இருந்தவர்களைப் படம் பிடித்தார்கள் என்று 1997-ல் பிரிட்டனில் ஒரு பத்திரிகை எழுதியது. லிவிங் மார்க்சிசம் என்று பெயர். ஐ.டி.என். வழக்குப் போட்டது. 2000 மார்ச்சில் ஜூரி தீர்ப்புச் சொன்னது. 3,75,000 பவுண்டு இழப்பீடு, பத்திரிகை மூடல். அப்போதும் வாய்கள் மூடவில்லை. 2001 நவம்பரில் ஒமார்ஸ்கா முகாம் தொடர்பாக ஐந்து பேரைத் தி ஹேக்கில் இருந்த ஐ.நா. போர்க்குற்றத் தீர்ப்பாயம் குற்றவாளிகள் என்றது. கராட்சிச்சுக்கு 2016-ல் 40 ஆண்டு, 2019-ல் மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனை. இத்தனைக்குப் பிறகும் மறுப்பவர்கள் உண்டு. சுரங்கத்தை 2004-ல் வாங்கியது நம் லட்சுமி மிட்டலின் உருக்கு நிறுவனம்; அங்கே நினைவிடம் கட்டுவதாக 2005-ல் அறிவித்தார்கள், உள்ளூர் எதிர்ப்பில் அது நின்றுபோனது.

இலங்கை விஷயத்தில் நாம் பார்த்ததும் இதேதான். கை கட்டப்பட்ட ஆண்களைச் சுடும் செல்போன் வீடியோவை 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பியது. இலங்கை அரசு உடனே போலி என்றது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் தடயவியல் மருத்துவம், வீடியோ, துப்பாக்கி என்று தனித்தனி நிபுணர்களிடம் கொடுத்து ஆராயச் சொன்னார். வீடியோ உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் முடிவு வந்தது. அதைப் போலி என்று சொல்ல ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது, உண்மை என்று காட்டப் பல மாதம் ஆயிற்று. இந்தத் தொழிலில் பாதிச் செலவு இந்த வித்தியாசத்துக்குத்தான்.

போஸ்னியாவில் இன்னொருவர் இருந்தார். டேவிட் ரோட், கிறிஸ்டியன் சயன்ஸ் மானிட்டர் பத்திரிகை. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சா நகரம் போஸ்னிய செர்பியப் படைகளிடம் விழுந்து, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் பையன்களும் கொல்லப்பட்டார்கள். புதிதாகத் தோண்டிய மண் தெரியும் செயற்கைக்கோள் படத்தை அமெரிக்கா ஆகஸ்டில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் காட்டியது. மேலிருந்து பார்த்தால் அது வெறும் மண். அந்தப் படத்தின் ஃபாக்ஸ் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ரோட் நோவா கசாபா கிராமத்துக்குப் போய்விட்டார். கிளறிய மண்ணுக்கு வெளியே அழுகிய மனிதக் கால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் காலித் தோட்டாப் பெட்டிகள், தொழுகை மணிமாலை, படிப்புச் சான்றிதழ், புகைப்படம், ரசீது. தொலைவில் உட்கார்ந்திருப்பவனுக்குக் காலைவிட ரசீது பெரிய சாட்சி. செத்தவர் எந்த ஊர்க்காரர் என்பதை அந்தத் துண்டுக் காகிதம்தான் சொல்லும்.

உயிர் தப்பியவர்களிடம் பேசி, அவர்கள் சொன்ன பள்ளிக்கூடம், வயல், அணை ஆகியவற்றைத் தேடி அக்டோபரில் மறுபடி போனார். அனுமதிச் சீட்டில் தேதியைத் திருத்தியிருந்தார். பிடித்துவிட்டார்கள். புதைகுழிகள் குறித்த வரைபடம் வேறு கையில். பத்து நாள் சிறை, உளவாளி என்ற மிரட்டல். அமெரிக்காவின் டேட்டன் நகரில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்ததால், அங்கே அவர் குடும்பத்தார் போய் நின்று, அமெரிக்க அதிகாரிகள் நெருக்கி, நவம்பர் 8 அன்று விடுதலை. அவருக்கும் 1996-ல் புலிட்சர். பிள்ளைகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். தேதி திருத்தியதை மட்டும் பின்பற்றாதீர்கள் என்பேன். அவருக்குப் பின்னால் வல்லரசு நின்றது, உங்களுக்குப் பின்னால் உங்கள் அப்பா அம்மாதான் நிற்பார்கள்.

இதே ரோட் 2008 நவம்பரில் காபூலுக்கு வெளியே தாலிபான் தளபதி ஒருவரைப் பேட்டி எடுக்கப் போய்க் கடத்தப்பட்டார். ஏழு மாதம் கழித்து இரவில் கயிறு கட்டிச் சுவரிறங்கித் தப்பினார். கூடவே கடத்தப்பட்டவர்கள் ஓர் ஆப்கன் நிருபரும் கார் ஓட்டுநரும். அந்த நிருபரும் அவரோடு தப்பினார். வெளிநாட்டு நிருபர் விமானம் ஏறிப் போய்விடுவார். மொழிபெயர்த்தவரும் வண்டி ஓட்டியவரும் பேட்டி கொடுத்தவரும் அதே தெருவில்தான் குடியிருக்க வேண்டும். இவர்கள் பெயரைப் போடுவதா வேண்டாமா என்பது, என்னைக் கேட்டால், தலைப்பு என்ன வைப்பது என்பதைவிடக் கஷ்டமான முடிவு.

நீதிமன்றம் என்று வந்தால் நிருபர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. வுல்லியமி தி ஹேக்கில் பல வழக்குகளில் சாட்சி சொன்னார். தன் வழக்கைத் தானே நடத்திய கராட்சிச்சின் குறுக்கு விசாரணைக்கும் பதில் சொன்னார். வாஷிங்டன் போஸ்ட்டில் இருந்த ஜோனதன் ராண்டல் மாட்டேன் என்றார். 1993-ல் ஒரு செர்பியத் தலைவரை அவர் எடுத்த பேட்டிக்காகத் தீர்ப்பாயம் சம்மன் அனுப்பியிருந்தது. நிருபர் அரசுத் தரப்புச் சாட்சி ஆகிவிட்டால் நாளைக்கு எந்தப் போரிலும் எவனும் நிருபரிடம் வாய் திறக்க மாட்டான், உளவாளி என்று சுடுவான் என்பது அவருக்கு ஆதரவாக வந்த பெரிய பத்திரிகை நிறுவனங்களின் வாதம். 2002 டிசம்பர் 11 அன்று மேல்முறையீட்டு அவை சம்மனை ரத்து செய்தது. வழக்கின் மையக் கேள்விக்கு நேரடியாக, முக்கியமாக உதவும் சாட்சியமாக இருக்க வேண்டும், வேறு வழியில் அது கிடைக்கக் கூடாது. இரண்டும் பொருந்தினால் மட்டுமே போர் நிருபரைக் கட்டாயப்படுத்தலாம் என்றது. இரண்டு பேர் செய்ததையும் நான் மதிக்கிறேன். ஆனால் பிரசுரமானது ஏற்கனவே பொதுச் சொத்து. அதை நின்று சொல்வதில் தவறில்லை என்று வுல்லியமி பக்கமே என் மனம் சாய்கிறது. நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் பிரசுரமாகாத பெயர்கள் வேறு கதை.

கட்மன் பிறகும் ஓயவில்லை. 1999-ல் டேவிட் ரீஃப் என்பவரோடு சேர்ந்து, போர்க்குற்றச் சட்டத்தைச் சாதாரண மக்களுக்கும் நிருபர்களுக்கும் விளக்கும் தொகுப்பு நூல் ஒன்றைக் கொண்டுவந்தார். 2002 ஆகஸ்டில் நியூஸ்வீக்கில் சகாக்களோடு எழுதிய கட்டுரை ஆப்கானிஸ்தானைப் பற்றியது. குந்தூஸில் சரணடைந்த தாலிபான் கைதிகளை மூடிய சரக்குக் கன்டெய்னர்களில் அடைத்து ஷெபர்கான் சிறைக்குக் கொண்டுபோனதில் காற்றில்லாமல் நூற்றுக்கணக்கானோர் செத்தது, தஷ்த்-இ-லைலி பாலைவனத்தில் புதைத்தது, எல்லாம் அதில் வந்தது. செய்தது அமெரிக்காவின் கூட்டாளிப் படை. போஸ்னியாவில் எதிரியின் முகாமை எழுதியபோது கிடைத்த கைதட்டல் இதற்குக் கிடைக்கவில்லை. வழக்கும் இல்லை, தண்டனையும் இல்லை.

இப்போது காலம் மாறியிருக்கிறது. 2018-ல் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் சுட்டுக் கொல்லும் வீடியோ ஒன்று பரவியது. கேமரூன் அரசு, அது எங்கள் நாடே இல்லை, போலிச் செய்தி என்றது. பிபிசியின் ஆப்பிரிக்கப் புலனாய்வுக் குழு அந்த வீடியோவில் முதலில் பார்த்தது கொலைகாரர்களை அல்ல, பின்னால் தெரிந்த மலையை. அதன் மேடு பள்ளக் கோட்டைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒத்துப் பார்த்து, கேமரூனின் வடக்கில் செலெவெத் என்ற ஊருக்குப் பக்கம் என்று இடத்தைப் பிடித்தார்கள். அந்தக் காட்சியில் நிற்கும் கட்டடங்கள் எந்த மாதப் படத்தில் இருக்கின்றன, எதில் இல்லை என்று பார்த்து ஆண்டைக் குறுக்கினார்கள். நடந்துபோகும் சிப்பாயின் நிழல் விழும் கோணத்தை அளந்து, சூரியன் வானத்தில் எங்கே இருந்தது என்று கணக்கிட்டார்கள். 2015 மார்ச் 20-க்கும் ஏப்ரல் 5-க்கும் இடையில் என்று வந்து நின்றது. இதற்கிடையே அரசு பல்டி அடித்து ஏழு சிப்பாய்களைக் கைது செய்திருப்பதாகச் சொன்னது. 2020-ல் நான்கு பேருக்குப் பத்தாண்டுச் சிறை.

இந்த வேலைக்கு விசா வேண்டாம், குண்டு துளைக்காத உடுப்பு வேண்டாம். கம்ப்யூட்டர், இணையம், பொறுமை, நாலு பேர் தப்புச் சொன்னால் திருத்திக்கொள்ளும் குணம் போதும். செயற்கைக்கோள் படங்கள் பலவும் இலவசமாகவே கிடைக்கின்றன. என் வகுப்பில் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு மழைவெள்ள வீடியோவைக் கொடுத்து இடம் கண்டுபிடிக்கச் சொன்னேன். பின்னணியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, பாதி தெரிந்த பெட்ரோல் பங்க் பலகை, அவ்வளவுதான். ஒரு மாணவி சாயங்காலத்துக்குள் தெருவையே சொல்லிவிட்டாள். முகாம் வாசலில் நின்ற நிருபருக்கு வேண்டிய கண் அவளுக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்த ஒரு நாற்காலிதான் எங்கேயும் இல்லை.

தமிழ்ப் பத்திரிகை முதலாளிகளிடமும் தொலைக்காட்சி ஆசிரியர்களிடமும் அதனால் ஒன்று கேட்கிறேன். வெளிநாட்டுக்கு நிருபரை அனுப்பப் பணமில்லை என்கிறீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு ஆளைத் தினசரிச் செய்தி ஓட்டத்திலிருந்து விடுவித்து, ஆறு மாதம் வேறு வேலை கொடுக்காமல், ஒரு வீடியோவையோ ஒரு புதைகுழியையோ மட்டும் தோண்ட விடுங்கள். ஆறு மாதத்தில் எதுவும் கிடைக்காமல்கூடப் போகலாம். அப்போதும் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.